மேடையில் பாடுவது எப்படி? கொழும்புக் கச்சேரிக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

பாடுவதென்று முடிவெடுத்துவிட்டீர்களா? நல்லது. பாட்டைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். அதற்கு ஒரு நேரம் வரும். வராமல் போனாலும் பாதகமில்லை. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே செய்து வருகிறவைதான். அவற்றை அரைகுறையாக விடாமல் முழுமையாகச் செய்யப் பழக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

1. முதலில் ஹோலைப் பிடியுங்கள்.

பாட வருமா என்ற கேள்வி, ஹோலுக்கு முற்பணம் கட்டிய பிறகுதான் எழ வேண்டும். பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம் இருக்கிறது. வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும், 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் விவேகானந்த சபை இருக்கிறது. ஆளில்லாத நேரம் பார்த்துப் போய், நடுவில் நின்று கைதட்டி, எதிரொலி எப்படி என்று சோதித்துவிடாதீர்கள். கார் விட இடமுண்டா, சாப்பாட்டு மேசையை எங்கே போடலாம் என்று கேளுங்கள். அது போதும்.

உறவினர் எல்லோரும் கொட்டாஞ்சேனையில் என்றால் வெள்ளவத்தையில் பிடியுங்கள். வெள்ளவத்தையில் என்றால் கொட்டாஞ்சேனையில் பிடியுங்கள். கோட்டையில் பஸ் மாறி, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர் நீங்கள் இரண்டாவது கீர்த்தனையில் இருக்கும்போதுதான் வந்து சேருவார். வர்ணத்தில் நீங்கள் விட்ட பிழைக்கு அவர் சாட்சியாக மாட்டார்.

2. அழைப்பிதழை அடியுங்கள்.

பாட்டுப் பட்டியலுக்கு முன் அழைப்பிதழ் தயாராகிவிட வேண்டும். தம்புராவோடு ஒரு படம் கட்டாயம். தம்புராவில் ஒரு தந்தி அறுந்திருந்தாலும் படத்தில் தெரியாது.

பட்டத்தில் கவனம். வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தொடங்கியது. அதன் ஆசிரியர் தரப் பரீட்சையில் சித்தியடைந்தவர் ‘கலாவித்தகர்’. அதற்கு வருடக்கணக்கில் படிக்க வேண்டும், பாடிக் காட்ட வேண்டும், எழுதவும் வேண்டும். உங்களுக்கு அவ்வளவு நேரமில்லை. ‘இசை இளவரசி’, ‘கானக்குயில்’ என்று பரீட்சையே இல்லாத பட்டங்கள் எத்தனையோ கிடக்கின்றன. அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற தம்பியே ஒன்றைத் தெரிவு செய்து தருவார்.

பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், இவர்களின் பாரியார்கள், எல்லோருடைய பெயரும் பெரிய எழுத்தில் வரட்டும். வயலின்காரர், மிருதங்கக்காரர் பெயர்களுக்குப் பின்பக்கத்தின் அடியில், சாப்பாடு பற்றிய அறிவிப்புக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கும்.

3. சுருதியைக் கௌரவத்தை வைத்துத் தீர்மானியுங்கள்.

உங்கள் குரலுக்கு ஐந்து கட்டை என்று ரீச்சர் சொல்லியிருப்பார். ஐந்து கட்டை ஆதார சட்ஜத்தில் குரல்நாண்கள் நொடிக்கு 196 தடவை அதிர்கின்றன. அடுத்த ஒழுங்கைப் பிள்ளை ஆறு கட்டையில் பாடுகிறதே? நீங்களும் ஆறில் பாடுங்கள். 220தானே, 24 அதிர்வு கூட வந்தால் என்ன? மேல்தாயி பஞ்சமத்துக்குப் போகும்போதுதான் 588 இருக்க வேண்டிய இடத்தில் 660 வந்து நிற்கும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு கையை மேலே தூக்குங்கள். எட்டாத சுவரத்தை எட்டியதாக முன்வரிசை நம்பிவிடும்.

இந்த முடிவைக் கச்சேரிக்கு முதல்நாள் எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் பயிற்சி செய்யச் சொல்லி வற்புறுத்துவார்கள்.

4. சாதகம்.

தொடர்மாடியில் குடியிருக்கிறீர்கள், மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் சனம் இருக்கிறது. ஆகவே அதிகாலைச் சாதகம் உங்களுக்கு ஒத்துவராது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். காரில் போகும்போது பிரபல பாடகியின் ஒலிப்பதிவைப் போட்டு, அவரோடு சேர்ந்து பாடுங்கள். அவருக்குப் பின்னால் அரை நொடி தள்ளிப் பாடினால் எல்லாமே சரியாக வருவதுபோல இருக்கும். அவரை நிறுத்திவிட்டுத் தனியாகப் பாடிப் பார்க்க வேண்டாம். தேவையில்லாத கவலை வரும்.

தப்பித் தவறித் தனியாகப் பயிற்சி செய்ய நேர்ந்தால் பல்லவியை மட்டும் பாடுங்கள். பிழைத்தால் திரும்பவும் பல்லவியிலிருந்து தொடங்குங்கள். இப்படிச் செய்தால் ஒரு மாதத்தில் பல்லவி பொன்னாக மின்னும். சரணம் எப்படிப் போகிறது என்று மேடையில் எல்லோரோடும் சேர்ந்து நீங்களும் தெரிந்துகொள்ளலாம்.

5. தொண்டையைக் கவனியுங்கள்.

இஞ்சிப் பிளேன்டீ, அவித்த கொத்தமல்லித் தண்ணி, பனங்கற்கண்டு போட்ட பால், ஒரு பக்கற் சமஹன், கழுத்தில் சித்தாலேப. எல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் எடுங்கள். விழுங்கும் எதுவும் குரல்நாணில் படுவதில்லை. அது இரைப்பைக்குப் போகிறது, குரல்நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். அங்கே ஒரு சொட்டுப் பட்டாலும் புரையேறும். இதை வீட்டில் சொல்லாதீர்கள், அம்மம்மாவின் மனம் நோகும்.

தண்ணீர் உடம்பு முழுக்கச் சுற்றித்தான் குரல்நாணுக்கு ஈரம் தரும், அதற்கு மணிக்கணக்காகும். எனவே காலையிலிருந்து ஒரு மிடறும் குடிக்காமல் இருந்து, திரை விலக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஐஸ் போத்தல் ஒன்றை ஒரே மூச்சில் முடியுங்கள். பிறகு பத்மாசனம் போட்டு இரண்டரை மணித்தியாலம் அசையாமல் இருங்கள்.

6. உருப்படிகளைத் தெரிவு செய்யுங்கள்.

இன்றைய கச்சேரி ஒழுங்கு அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்தது. தொடக்கத்தில் வர்ணம், பிறகு விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், நடுவில் விரிவான உருப்படி, தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா, மங்களம். குரலும் சபையும் சேர்ந்து சூடாவதற்கு நேரம் கொடுக்கிற ஒழுங்கு அது. உங்களுக்கு ஏன் அவ்வளவு பொறுமை? எடுத்த எடுப்பிலேயே பெரிய ராகத்தைப் பிடியுங்கள். முன்வரிசையில் விருந்தினர் இருக்கும்போது பாடாமல், அவர் எழும்பிப் போன பிறகு யாருக்குப் பாடப் போகிறீர்கள்?

சங்கராபரணத்தையும் கல்யாணியையும் அடுத்தடுத்து வையுங்கள். இரண்டுக்கும் மத்திமம் ஒன்றுதான் வித்தியாசம்; சங்கராபரணத்துக்குச் சுத்த மத்திமம், கல்யாணிக்குப் பிரதி மத்திமம். பாதி வழியில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு வழுக்கிவிட்டால் பயப்படாதீர்கள். ‘ராகமாலிகை’ என்று அறிவித்துவிடுங்கள்.

மொழி? தெலுங்குதான் பாதுகாப்பு. சொல் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டியதில்லை, மூச்சு முடிகிற இடத்தில் சொல்லை முடியுங்கள். சென்னையில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கி, தமிழிலும் பாடுங்கள் என்று பெரிய பெரியவர்கள் எல்லாம் கேட்டது உண்மைதான். ஆனால் தமிழில் பாடினால் வெள்ளவத்தைச் சனத்துக்கு விளங்கிவிடும் என்பதை அவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை. பாட்டில் குழந்தை முருகனைக் கொஞ்சுகிற இடத்தில் நீங்கள் சண்டைக்குப் போகிற முகத்தோடு இருப்பதைத் தெலுங்கு மறைத்துவிடும். தமிழ் காட்டிக்கொடுக்கும்.

7. பக்கவாத்தியக்காரரை மேடையில் சந்தியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து மிருதங்க வித்துவானைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலை வெள்ளவத்தையில் இறங்குவார். நேரே வீட்டுக்குக் கூட்டிவந்து தேநீர் கொடுத்து, ஒரு தடவை சேர்ந்து பார்த்தால் நன்றாக இருக்கும்தான். அன்றைக்கு உங்களுக்குத் தலை அலங்காரம் இருக்கிறதே. அவர் யாராவது உறவுக்காரர் வீட்டுச் செற்றியில் கிடக்கட்டும்.

அவர் ஐந்து கட்டை மிருதங்கம் கொண்டுவந்திருப்பார். ‘இன்றைக்கு ஆறு’ என்று திரைக்குப் பின்னால், விளக்கேற்றும்போது காதுக்குள் சொல்லுங்கள். அவர் கல்லையும் கட்டையையும் எடுத்து வலந்தலையைச் சுற்றித் தட்டத் தொடங்குவார். தட்டினால் சுருதி கொஞ்சம் ஏறும், முழுக் கட்டை ஏறாது. ஏசியில் தோல் காய்ந்தால் ஒரு பக்கம் போகும், பின்கதவைத் திறந்து கடற்காற்று வந்தால் மறுபக்கம் போகும். தொப்பியில் ஒட்டிய ரவையும் தன்பாட்டில் காயும். நீங்கள் அவரை நடுநடுவே திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரியுங்கள். பிழை எங்கேயிருந்து வருகிறது என்று சபைக்குத் தெரிய வேண்டாமா?

வயலின்காரருக்கும் இதே சிரிப்பு. அவர் உங்களைத் தூக்கிவிட எவ்வளவு முயன்றாலும் நன்றி காட்டாதீர்கள்.

8. உடுப்பு.

காஞ்சிபுரம். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது. மூச்சு வயிற்றிலிருந்து வர வேண்டும் என்பார்கள். அது பருத்திச் சேலைக்காரருக்கு.

9. சவுண்ட் பார்க்காதீர்கள்.

இதுதான் முக்கியமான படி, ஊன்றிப் படியுங்கள்.

சவுண்ட்காரர் நாலு மணிக்கே வந்து, வயர் எல்லாம் இழுத்து, ஒவ்வொரு மைக்காகத் தட்டி, ‘நோனா, போட்டு ஒருக்காப் பாடுங்க’ என்று கேட்பார். நீங்கள் அப்போது அங்கே இருக்கக்கூடாது. ஐந்தே முக்காலுக்கு வாருங்கள். வந்ததும் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ‘மல்லி, எக்கோ டிக்கக் வெடி கரன்ன.’ அதாவது, தம்பி, எக்கோவைக் கொஞ்சம் கூட்டுங்கோ. எக்கோ கூடக் கூடப் பிழையான சுவரமும் சரியான சுவரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மிஷன் மண்டபத்திலேயே பேராலயத்தின் கம்பீரம் வந்துவிடும்.

மைக்கைப் பிடிக்கும் முறை: அதன் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்துங்கள். மேடை மைக்குகள் பெரும்பாலும் முன்னாலிருந்து வரும் சத்தத்தை மட்டும் வாங்கி, பின்னாலிருந்து வருவதைத் தள்ளும்படி செய்யப்பட்டவை. பின்னால் இருக்கும் துவாரங்கள் வழியாகப் போகும் ஒலிதான் அந்த வேலையைச் செய்கிறது. துவாரங்களைப் பொத்தினால் மைக் நாலா பக்கத்திலிருந்தும் வாங்கத் தொடங்கும். ஸ்பீக்கரின் சத்தம் அதற்குள்ளேயே திரும்பப் புகுந்து, கூவென்று ஒரு கூவல் எழும்பும். சபை காதைப் பொத்தும். நீங்கள் பாட்டை நிறுத்தாமல், சவுண்ட்காரரை விரலால் சுட்டிக் காட்டுங்கள். எல்லோரும் திரும்பி அவரைப் பார்ப்பார்கள். மிச்சக் கச்சேரிக்கு என்ன நடந்தாலும் பழி அவருக்கு.

மொனிட்டரில் உங்கள் குரலை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். தம்புராவும் மிருதங்கமும் கேட்டால் குழப்பும்.

தம்புரா என்றதும் ஞாபகம் வந்தது. மின்சுருதிப் பெட்டி எல்லாம் பழைய காலம். உங்கள் போனில் இருக்கிற செயலியே போதும். போனை மடியில் வைத்து, வயரை மிக்ஸருக்குக் கொடுங்கள். அழைப்பு வராதபடி அணைத்து வைக்க வேண்டாம். ஆலாபனை உச்சத்துக்கு ஏறும் நேரம் பார்த்து, வர முடியாமல் போன பெரியம்மா வத்தளையிலிருந்து வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுவார். சுருதி சட்டென்று நிற்கும். மண்டபம் முழுக்க ஒரு குரல் மட்டும், எதையும் பிடிக்காமல், அந்தரத்தில். அந்த ஏழெட்டு நொடியில் நீங்கள் சுருதியில் நின்றீர்களா என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். திரும்பத் தொடங்கும்போது பலமாகத் தலையாட்டி, கண்ணை மூடுங்கள்.

10. உரைகளை நடுவில் வையுங்கள்.

தொடக்கத்தில் வைத்தால் சபை பொறுத்துக்கொள்ளும். முடிவில் வைத்தால் வீட்டுக்குப் போய்விடும். எனவே பிரதான உருப்படிக்குச் சற்று முன், உங்கள் குரல் ஒருவழியாகத் திறந்த அந்த நேரத்தில் நிறுத்துங்கள். ஆசியுரை, வாழ்த்துரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, நினைவுச் சின்னம், குருவுக்குக் கௌரவம், குருவின் குருவின் படத்துக்கு மாலை. விவேகானந்தர் 1897 ஜனவரி 15இல் கொழும்பில் வந்திறங்கியதை ஒருவராவது சொல்ல வேண்டும். விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்ததை இருவராவது சொல்ல வேண்டும். பழந்தமிழ் இசையைக் கணக்குப் போட்டு, யாழ்களின் நரம்பையும் பண்ணையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து அடிகள் எழுதிய அந்தப் பெரிய நூலைத் திறந்து பார்த்தவர் மேடையில் இருக்கமாட்டார். ஆகவே எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம்.

இவ்வளவு நேரமும் நீங்கள் மேடையிலேயே இருங்கள். குரல் ஆறட்டும். மிருதங்கத்தின் சுருதியும் இறங்கட்டும்.

11. சாகித்தியத்தை மறந்துவிட்டால்.

மறப்பீர்கள், நான்காம் படி அதற்காகத்தானே. மூன்று வழி உண்டு. முதலாவது, ஐப்பாட். முன்னால் வைத்து, தலையைக் குனிந்து, வாசிப்பதுபோலவே பாடுங்கள். இரண்டாவது, ஏதாவது ஒரு வரியைப் பிடித்து நிரவல் செய்யுங்கள். அடுத்த வரி ஞாபகம் வரும்வரை நிறுத்த வேண்டாம். வராவிட்டால் அதுவே நிரவல். மூன்றாவது நம் நாட்டுக்கே உரியது. பி.எச். அப்துல் ஹமீத் இலங்கை வானொலியில் ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தி ஒரு தலைமுறையையே பழக்கி வைத்திருக்கிறார். கடைசி எழுத்தைப் பிடித்து வேறு பாட்டுக்குத் தாவிவிடுங்கள். சபையில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் புள்ளி போடத் தொடங்கிவிடுவார்கள், மற்றதெல்லாம் மறந்துபோகும்.

12. தனி ஆவர்த்தனம்.

மிருதங்கக்காரரின் நேரம். இரவு பஸ்ஸில் வந்தது இதற்குத்தான். நீங்கள் தாளம் போட வேண்டும் என்பது ஒரு சம்பிரதாயம். போடுங்கள், ஆனால் மற்றக் கையால் மாலையைச் சரிசெய்து, பின்வரிசை மாமியைப் பார்த்துத் தலையாட்டி, தண்ணீர் குடித்து, ஆறாவது அட்சரத்தில் எட்டாவதைப் போடுங்கள். பெரிய வித்துவான் என்றால் உங்கள் தாளத்தைப் பார்க்காமல் தன் மனக் கணக்கில் வாசித்து முடிப்பார். இல்லையென்றால் கோர்வை எங்கோ போய் விழும். அவர் முகத்தைப் பார்க்காதீர்கள்.

இதே நேரத்தில் வாசலில் ரோல்ஸும் பட்டீஸும் சூடாக வெளியே வரட்டும். முன்வரிசைகூட எழும்பிப் போக ஒரு நியாயம் வேண்டாமா?

கொட்டாஞ்சேனைக்காரருக்கு ஒரு இடைக்குறிப்பு.

கோயில் திருவிழாவுக்குத் தெருவில் மேடை போட்டு, இசைக்குழுவோடு பாடுகிறவர்களுக்கு மேலே சொன்ன சாஸ்திரம் பாதி பொருந்தாது. உங்களுக்குப் பயிற்சி தேவைப்படாமல் இருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது: எந்தப் பாட்டையும் எந்த வேகத்திலும் தொடங்கலாம், கடைசியில் எல்லாம் பைலாவாகப் போய் முடியும். ஆறெட்டுத் தாளம் எழும்பினால் ஜம்பட்டா வீதியில் காலாட்டாத ஆளில்லை. இந்த நாட்டில் தமிழ்ப் பொப் என்று ஒன்றை உண்டாக்கிய நித்தி கனகரத்தினமும், ‘சுராங்கனி’யைக் கடல் தாண்டி ஒலிக்கவைத்த ஏ.ஈ. மனோகரனும் எளிய மெட்டை வைத்துக்கொண்டு சொல்லைத் தெளிவாக, சிரித்த குரலில், தாளம் தவறாமல் பாடினார்கள். நீங்கள் அவ்வளவு சிரமப்பட வேண்டாம். ‘சுராங்கனி’யை எடுத்ததும் மைக்கைச் சபைப் பக்கம் திருப்பிவிடுங்கள். பாட்டு முழுவதையும் அவர்களே பாடுவார்கள். நீங்கள் ‘கேட்கல, கேட்கல’ என்று கத்தினால் போதும். சம்பளம் உங்களுக்குத்தான்.

ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் அனுசரணையாளர்களின் பெயர்களை வாசியுங்கள். நகைக்கடையின் பெயரைப் பிழையாக வாசிக்காதீர்கள். இந்த வழிகாட்டியில் பிழையில்லாமல் செய்யச் சொல்வது அது ஒன்றைத்தான்.

13. கச்சேரி முடிந்த பிறகு.

மங்களம் முடிவதற்குள் திரை விழுந்துவிடும். உடனே படம் பிடியுங்கள். கலைஞர்களின் சம்பளக் கடிதவுறையைப் படம் பிடித்து முடித்த பிறகு தேடத் தொடங்குங்கள். அது அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும், அப்பா பார்க்கிங்கில் இருப்பார்.

ரீச்சர் ‘நல்லாயிருந்தது பிள்ளை, சுருதியை மட்டும் கொஞ்சம் பாருங்கோ’ என்பார். அதில் முதல் பாதியை மட்டும் முகநூலில் போடுங்கள். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வருடக்கணக்காகப் படித்து வந்தவர், தன் மாணவிக்கு இதைவிடப் பச்சையாகச் சொல்லமாட்டார். சொல்ல வந்தது என்னவென்று நீங்களும் கேட்க வேண்டாம்.

வீடியோ எடிட்டரிடம் குரலைக் கணினியில் திருத்தித் தரச் சொல்லுங்கள். சரியாக வந்த கமகங்களையும் அது நேராக்கிவிடும். பரவாயில்லை, அதில் எது எதுவென்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? பிறகு குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ஸ்கார்பரோவிலிருந்து மாமா பார்த்துவிட்டு, இங்கேயும் ஒரு ஹோல் பிடிக்கட்டுமா என்று கேட்பார். உடனே ஓம் என்று சொல்லுங்கள், ஆனால் தையில் வைக்கச் சொல்லுங்கள். வெளியில் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிக் கிடந்தால் தனி ஆவர்த்தனத்துக்குக்கூட ஒருவரும் எழும்பிப் போகமாட்டார்கள்.